தைத்து வைத்த சித்திரங்கள்

(கும்மிடிப்பூண்டியில் ஒரு வாசகர் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)

ஷிப்ட் முடிந்து குளித்த ஈரத்தோடு நேரே இங்கே வந்திருக்கும் நண்பர்களே,

இன்று நான் பேசவேண்டிய விஷயத்தை எனக்கு எடுத்துக் கொடுத்தவர் இக்கூட்டத்தின் அமைப்பாளர் அல்லர். மூன்று வாரங்களுக்கு முன் அவரோடு என் வீட்டுக்கு வந்து, பேச்சு முடியும்வரை வாய் திறவாமல் உட்கார்ந்திருந்து, புறப்படும் தறுவாயில் மட்டும் தோள்பையைத் திறந்த ஓர் இளைஞர்தாம். சிப்காட்டில் ஓர் உருக்காலையில், பழுக்கக் காய்ந்த கம்பி பாம்புபோல் ஓடுகிற ரோலிங் பகுதியில் வேலை பார்க்கிறவர். பையிலிருந்து வந்தது, துண்டில் சுற்றிய ஒரு பெரிய புத்தகம். அதை என் கையில் தருமுன் "சார், ஒரு நிமிஷம்" என்று சொல்லிக் கொல்லைக் குழாயடிக்குப் போய்ச் சோப்புப் போட்டுக் கைகழுவி வந்தார்; வந்தவர் என் கையையும் ஒரு பார்வை பார்த்தார். குறிப்பறிந்து நானும் எழுந்து கழுவிக்கொண்டேன். புத்தகத்தைத் தொடுவதற்கு முன் கைகழுவச் சொன்னவர்கள் என் வாழ்க்கையில் இருவர். ஒருவர் இந்த இளைஞர், மற்றவர் என் தாயார்.

அந்தப் புத்தகம் ஜப்பானியச் சித்திரத் தொடர்கதை ஒன்றின் வர்ணப்படங்களை மட்டும் தனியே திரட்டிய தொகுதி. தொடரின் பெயர் 'ஒன் பீஸ்'. வரைபவர் எய்ச்சிரோ ஓடா. 1997-இல் 'ஷோனென் ஜம்ப்' என்னும் வாரப்பத்திரிகையில் தொடங்கி, கடற்கொள்ளைக்காரப் பையன் ஒருவனின் கதையாக இன்றளவும் நீண்டுகொண்டிருப்பது. அதன் வர்ணத் திரட்டுகளில் முதலாவது 2001-இல் வெளியாயிற்று. நமக்குக் கடைசிப் பக்கம் எதுவோ அதுவே அதற்கு முதற்பக்கம். வலப்புறத்திலிருந்து இடப்புறமாகப் புரட்டவேண்டும். ஒரு மாத ஓ.டி. பணம் முழுவதையும் கொடுத்து வரவழைத்தாராம். "கதையெல்லாம் செல்போன்லயே இருக்கு சார். இது படத்துக்காக" என்றார். அந்தக் கடைசிச் சொற்றொடரைக் கேட்டதும், அறுபது எழுபது வருஷங்களுக்கு முன் எங்கள் திருவள்ளூர் வீட்டுத் திண்ணையில் இதே வாக்கியத்தை வேறொரு குரலில் கேட்டது நினைவுக்கு வந்து, சிறிது நேரம் எனக்குப் பேச்சு எழவில்லை.

ஜப்பானியச் சித்திரக்கதையை மங்கா என்கிறார்கள். ஹொகுசாய் என்ற மகா சித்திரக்காரர் வரைந்து 1814 முதல் வெளிவந்த பதினைந்து பாகப் படத் திரட்டுக்கே 'ஹொகுசாய் மங்கா' என்றுதான் பெயர். மல்யுத்தக்காரன், தவளை, மழையில் குடை பிடித்து ஓடுகிறவன், பேய், பாலம் என்று மனம் போனபடியெல்லாம் வரைந்த படங்கள் அதில் இருக்கின்றன. கதை என்று ஒன்றும் கிடையாது. ஆகவே அந்தச் சொல் கதையைச் சேர்வதற்கு முன்னரே சித்திரத் தொகுப்பைச் சேர்ந்திருந்தது என்று சொன்னாலும் பிழையில்லை.

இன்றைய மங்கா வாழும் விதம் வேறு. ஷோனென் ஜம்ப் 1990-களின் நடுவில் ஒரு வாரத்துக்கு 65 லட்சம் பிரதிகள் விற்ற பத்திரிகை. அத்தனையும் தடித்த மட்டரகக் காகிதத்தில் ஒற்றை மையில் அச்சடித்து, ரயிலில் படித்து, இறங்கும்போது அங்கேயே விட்டுப்போவதற்கென்றே செய்யப்படுவது. ஏதோ ஒரு கதையின் முதற்சில பக்கங்களுக்கு மட்டும் அந்த வாரம் வர்ணம் வாய்க்கும். பிறகு அத்தியாயங்களைச் சேர்த்துக் கையடக்கப் புத்தகமாகப் போடும்போது அந்த வர்ணமும் பெரும்பாலும் கறுப்பு வெள்ளையாகிவிடும். சித்திரக்காரர் இரவெல்லாம் கண்விழித்து ஏற்றிய நிறம் ஒரு வார ஆயுளோடு போய்விடுகிறது. போகவிடாமல் அதைப் பிடித்துவைத்து, பெரிய அளவில், வழுவழுப்பான ஆர்ட் பேப்பரில் பதிப்பாளரே வெளியிடுவதுதான் அவர்கள் கஷு என்று சொல்லும் சித்திரத் திரட்டு.

இவற்றுள் என் மனத்தை மிகவும் கவர்ந்தது தகெஹிக்கோ இனோவுவே என்பவர் தம் 'வாகபாண்ட்' தொடருக்காக 2006-இல் வெளியிட்ட இரண்டு திரட்டுகள். வர்ணப்படங்கள் ஒன்றிலும் மைப்படங்கள் மற்றொன்றிலுமாகப் பிரித்திருக்கிறார். அத்தொடரின் மூலக்கதை, எய்ஜி யோஷிகாவா என்னும் நாவலாசிரியர் 1935 முதல் 1939 வரை ஒரு தினசரியில் தொடர்ந்து எழுதிய சரித்திரக் கதை. வாளேந்திய வீரன் ஒருவனின் வரலாறு நாடு முழுவதும் காத்திருந்து படித்த தொடராக வந்து, பின்னால் தூரிகையின் கைக்குப் போய், கடைசியில் கதையை விலக்கிவிட்டுச் சித்திரம் மாத்திரம் தனித்து நிற்கிறது என்று கேட்கும்போது, இந்தச் சபையில் என் வயதையொத்தவர்களுக்கு யார் நினைவு வரும் என்பதை நான் சொல்லவேண்டியதில்லை.

கல்கியின் 'பொன்னியின் செல்வன்' 1950 அக்டோபரில் அவருடைய 'கல்கி' பத்திரிகையில் தொடங்கி 1954 மே மாதத்தில் நிறைவெய்தியது. என் தகப்பனார் ரயில்வேயில் இருந்தார். ஸ்டேஷன் புத்தகக் கடையில் இதழ் வந்து இறங்கியதும் வாங்கிக்கொண்டு வருவார். முதலில் அவர் படிப்பார், பிறகு பாட்டிக்கு யாராவது உரக்கப் படித்துக் காட்டுவார்கள், பிறகு அண்டை வீடுகளுக்கு ஒரு சுற்றுப் போய்வரும். எல்லாம் முடிந்து இதழ் வீடு திரும்பிய பிறகுதான் என் தாயாரின் முறை. அவர் அதைப் படிப்பதற்காக எடுக்கமாட்டார், பிரிப்பதற்காக எடுப்பார். நடுக்கம்பியின் கொக்கிகளைப் பாக்குவெட்டியின் நுனியால் நிமிர்த்தி, தாளுக்குச் சேதமில்லாமல் கம்பியை உருவிவிட்டு, தொடர்கதை வந்த தாள்களை மாத்திரம் பிரித்தெடுத்து, தேதிவாரியாக ஒரு பழைய பஞ்சாங்கத்தின் அடியில் வைத்து அதன்மேல் அம்மிக்குழவியைப் பாரமாக ஏற்றுவார். ஒரு பாகம் நிறைந்ததும், கோணி ஊசியால் ஓரத்தில் ஐந்து துளை. மெழுகு தடவிய நூல். மைதாப் பசையில் பூச்சி வராமலிருக்க ஒரு சிட்டிகை மயில்துத்தம். காலிகோத் துணிக்கு வழியில்லாதபடியால் தகப்பனாரின் பழைய காக்கிச் சட்டையின் முதுகுத் துணியே புத்தகத்துக்கும் முதுகாயிற்று. பைண்டரிடம் கொடுத்தால் என்ன என்று ஒருமுறை கேட்டதற்கு, "அவன் மிஷினில் வெட்டினால் குந்தவை தலையில் பாதி போய்விடும், எனக்குக் கதை தெரியும், இது படத்துக்காக" என்றார்.

அப்படித் தைத்த புத்தகத்துக்கு ஒரு விசித்திர குணம் உண்டு. தொடர்கதையின் கடைசித் தாளுக்குப் பின்புறத்தில் வேறு யாரோ எழுதிய சிறுகதையின் முற்பகுதி இருக்கும். பிற்பகுதி இருந்த தாள் அந்த வாரமே பொட்டலமாகக் கடைக்குப் போயிருக்கும். பெண் பார்க்க வந்தவர்கள் காபியை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு ஏறக்குறைய எழுபது வருஷமாக அங்கேயே உட்கார்ந்திருக்கிறார்கள். பெண் பிடித்ததா இல்லையா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. ஓரங்களில் தலைவலித் தைல விளம்பரங்கள், பாலுக்குக் கணக்கெழுதிய பென்சில் கோடுகள், ஒரு பக்கத்தில் என் தங்கையின் பிறந்த நேரம். ஜப்பானியத் திரட்டில் இவை எதுவும் இராது. அது துடைத்து வைத்த வெள்ளித் தாம்பாளம்போல் இருக்கிறது.

தாயார் தைத்து வைத்த அந்தச் சித்திரங்களை வரைந்தவர் மணியம். 1924-இல் பிறந்து 1968-இலேயே மறைந்துவிட்ட மனிதர். கல்கி தம்முடன் அவரை அஜந்தாவுக்கும் இலங்கைக்கும் அழைத்துப் போய்க் காட்டியதெல்லாம் எதற்காக என்று கேட்டால், ஆபரணமும் கொண்டையும் தூணும் தோரணமும் கண்ணால் கண்டவையாக இருக்கவேண்டும் என்ற சிரத்தைதான். நாவலாசிரியர் எழுத்தில் வர்ணித்ததைச் சித்திரக்காரர் படத்தில் திருப்பிச் சொன்னார் என்று நினைப்பது அவ்வளவு சரியன்று. நந்தினியின் முகம் எப்படி இருக்கும் என்று எங்கள் தெருவில் யாரையாவது கேட்டிருந்தால், சொல்பவர் வாயில் வருவது கல்கியின் வாக்கியமாகவும் கண்ணில் நிற்பது மணியத்தின் கோடாகவும் இருந்திருக்கும். இரண்டையும் பிரிக்க அவருக்கே இயலாது.

இங்கே நம் ஜில்லாவின் பெருமை ஒன்றைச் சொல்லாமல் போக எனக்கு மனமில்லை. கல்கி தம் கதைக்கு ஆதாரமாகக் கொண்டவற்றுள் திருவாலங்காட்டுச் செப்பேடு முக்கியமானது. திருவள்ளூரிலிருந்து அரக்கோணம் போகும் தடத்தில் உள்ள அந்தத் திருவாலங்காட்டில் 1905-இல் கிடைத்த, ராஜேந்திர சோழன் காலத்துச் சாஸனம் அது. 31 செப்பு ஏடுகள். அவற்றைத் துளையிட்டு ஒரு வளையத்தில் கோத்து, வளையத்தின்மேல் சோழ முத்திரையை வைத்திருக்கிறார்கள். ஏடு சிதறக்கூடாது, ஒன்றை உருவிவிட்டு வேறொன்றைச் செருகக்கூடாது என்ற கவலையில் பிறந்தது அந்த வளையம். என் தாயாரின் மெழுகு நூலுக்கும் அந்தக் கவலைதான் மூலகாரணம்.

பொன்னியின் செல்வனோடு இந்தப் பழக்கம் நின்றுவிடவில்லை. 'ஆனந்த விகட'னில் கொத்தமங்கலம் சுப்பு, கலைமணி என்ற பெயரில் 'தில்லானா மோகனாம்பாள்' எழுதியபோது கோபுலுவின் படங்களுக்காக அதைத் தைத்து வைத்தவர்கள் எத்தனையோ பேர். நாதஸ்வரக்காரரின் கன்னம் உப்பும் விதத்தை அவரைப்போல் வரைந்தவர் இல்லை. 1947-இல் தொடங்கிய 'அம்புலிமாமா'வில், வேதாளத்தைத் தோளில் சுமந்து உருவிய வாளோடு நடக்கும் விக்கிரமனைச் சங்கர் வரைந்தார். அந்த ஒற்றைப் படத்தைப் பார்த்துப் பயந்து போர்வைக்குள் ஒளிந்த குழந்தைகளில் நானும் ஒருவன்.

சில்பியின் கதை தனிப்பட்டது. கோயில் கோயிலாகப் போய்ச் சிற்பத்தின் முன் உட்கார்ந்து நேரே பார்த்து அவர் வரைந்த 'தென்னாட்டுச் செல்வங்கள்' விகடனில் வாரந்தோறும் வந்தது. தேவன் அதற்கு விளக்கம் எழுதினார். கல்லின் தேய்மானம்கூடக் கோட்டில் தெரியும். பிற்காலத்தில் அது பெரிய தொகுதிகளாகப் புத்தகவடிவம் பெற்றபோது, ஜப்பானியர் கஷு என்று எதைச் சொல்கிறார்களோ அது தமிழிலும் வந்துவிட்டது என்று நான் சந்தோஷப்பட்டேன். ஆனால் எத்தனை வருஷம் கழித்து! சில்பி 1983-இலேயே காலமாகிவிட்டார்.

எனக்கு உள்ள குறை இதுதான், நண்பர்களே. தொடர்கதை புத்தகமாகும்போது நம்மவர்கள் கதையை எடுத்துக்கொண்டு சித்திரத்தை உதறிவிட்டார்கள். பக்கம் கூடும், பிளாக் எடுக்கச் செலவாகும், புத்தகத்தின் விலை ஏறும் என்ற காரணங்களெல்லாம் உண்மைதான், மறுக்கவில்லை. கல்கியின் எழுத்துக்கள் 1999-இல் நாட்டுடைமையானபின் மலிவுப் பதிப்புகள் பல வந்ததால் ஏழை வாசகருக்கு விளைந்த நன்மையும் பெரிது. எனினும் அவற்றில் பெரும்பாலானவற்றில் மணியம் இல்லை. மணியத்தின் படங்களோடு கூடிய பதிப்பும் பின்னால் வந்தது என்றாலும், இடைப்பட்ட காலமெல்லாம் அந்தப் படங்களை உயிரோடு வைத்திருந்தவை பரண்களில் கிடந்த கைத்தையல் புத்தகங்கள்தாம். ஜப்பானில் பதிப்பாளர் முதலீடு போட்டுச் செய்கிற காரியத்தைத் தமிழ்நாட்டில் கோணி ஊசியும் மைதாப் பசையும் வைத்துக்கொண்டு குடும்ப ஸ்திரீகள் செய்தார்கள். அதற்கு யாரும் அவர்களை ரஸிகர்கள் என்றுகூடச் சொல்லவில்லை. "பழைய பேப்பரைச் சேர்க்கிற பைத்தியம்" என்றுதான் சொன்னார்கள்.

சித்திரக்கதை என்று எடுத்துக்கொண்டாலும் இந்த அலட்சியம் இருந்தது. சிவகாசியிலிருந்து 1972-இல் முத்து காமிக்ஸ் முதல் வெளியீடாக 'இரும்புக்கை மாயாவி' வந்தபோது நான் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த ஆள். வெட்கத்தை விட்டு வாங்கிப் படித்தேன். மின்சாரம் பாய்ந்தவுடன் உடம்பு மறைந்து கை மட்டும் அந்தரத்தில் நிற்கும் அந்தப் படங்களை வரைந்தவர் ஹெசூஸ் பிளாஸ்கோ என்ற ஸ்பெயின் தேசத்துக்காரர் என்பதை அறிந்துகொள்ள எனக்கு இன்னொரு முப்பது வருஷம் ஆயிற்று. அதே சிவகாசியிலிருந்து 1984 முதல் லயன் காமிக்ஸும் வந்தது. இன்று அவ்விரண்டின் பழைய இதழ் ஒன்றுக்காக ஊர்விட்டு ஊர் போகிறவர்கள் இருக்கிறார்கள். நாங்கள் அவ்வளவு தூரம் போகவேண்டியிருக்கவில்லை. சென்னையில் நீங்கள் கும்மிடிப்பூண்டி மின்சார ரயில் ஏறும் இடத்துக்கு மூர் மார்க்கெட் காம்ப்ளெக்ஸ் என்று பெயர் இருக்கிறதல்லவா? அந்த மூர் மார்க்கெட், 1985-இல் தீக்கிரையாகும்வரை, பழம்புத்தகத்தின் சமுத்திரமாக இருந்தது. தாயாரின் தொகுப்பில் விட்டுப்போன இதழ்களைத் தேடி நான் அங்கே செலவிட்ட சனிக்கிழமைகளுக்குக் கணக்கில்லை. பெயரை மட்டும் ரயிலுக்குக் கொடுத்துவிட்டு அந்தச் சமுத்திரம் வற்றிப்போயிற்று.

ஜப்பானை ஏதோ அன்னிய தேசம் என்று இந்த ஊர்க்காரர்கள் நினைக்க நியாயமில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். இங்கிருந்து நேர் கிழக்கே கோடு போட்டால் பழவேற்காடு 20 கிலோமீட்டர்தான் இருக்கும். பஸ்ஸில் போனால் பொன்னேரி வழியாகச் சுற்றவேண்டும். 1613-இல் டச்சுக்காரர்கள் அங்கே கெல்திரியா கோட்டையைக் கட்டி முடித்துச் சோழமண்டலக் கரையின் துணி வியாபாரத்தை நடத்தினார்கள். அதே டச்சுக்காரர்கள்தாம், ஜப்பான் தன் கதவுகளை அடைத்துக்கொண்ட காலத்தில், நாகசாகித் துறைமுகத்தின் தெஜிமா என்னும் சிறு தீவில் இருந்துகொண்டு வியாபாரம் செய்ய அனுமதி பெற்றிருந்த ஒரே ஐரோப்பியர்கள். இந்தக் கரையின் துணி அவர்கள் கப்பலில் அங்கே போயிற்று. நம் கோடு போட்ட துணிக்கு ஜப்பானியர் வைத்த பெயர் சந்தோமே. நம் மயிலாப்பூர்ச் சாந்தோம்தான். பூவும் கொடியும் எழுதிய சீட்டித் துணியை ஸராஸா என்றார்கள். அதன் துண்டு துணுக்குகளைக்கூட வீசாமல், தேநீர்ச் சடங்குக்குரிய பாத்திரங்களைச் சுற்றிவைக்கும் உறையாகத் தைத்தார்கள், தாளில் ஒட்டி ஆல்பமாகக் கோத்தும் வைத்தார்கள். 1778-இல் அந்த மாதிரிகளின் சித்திரப் புத்தகமே அச்சாயிற்று. சோழமண்டலத்துச் சாயக்காரன் கைவேலையைச் சித்திரத் திரட்டாகச் சேர்த்து வைத்தவர்கள் அவர்கள். அந்தத் தேசத்துச் சித்திரத் திரட்டைத் துண்டில் சுற்றிக் கும்மிடிப்பூண்டியில் பாதுகாக்கிறார் நம் இளைஞர். கடனைத் திருப்பிக் கொடுக்க இருநூறு வருஷத்துக்குமேல் ஆகியிருக்கிறது.

பாதுகாப்பு என்றதும், அவருக்கு நான் கொடுத்த புத்திமதி ஒன்று. ஆலைத்தூசிக்குப் பயந்து அவர் முதலில் புத்தகத்தைப் பிளாஸ்டிக் உறையில் இறுக்கி வைத்திருந்தாராம். கடற்காற்று வீசும் இந்த ஊரில் அது கூடாது, உள்ளே வியர்க்கும். துவைத்த பருத்தித் துணியே போதும். இராமபாணப் பூச்சிக்கு வசம்பைத் துண்டுபோட்டு அலமாரியில் வைக்கலாம். எல்லாவற்றிலும் முக்கியம் தண்ணீர். 2015 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் வீட்டுக்குள் முழங்காலளவு தண்ணீர் நின்றது. கீழ்த்தட்டில் அருகருகே இருந்தவை இரண்டு: ஒன்று, நான் பெருமையோடு விலைகொடுத்து வாங்கிய ஓர் அயல்நாட்டு ஓவியத் தொகுதி, முழுவதும் ஆர்ட் பேப்பர், மற்றொன்று, தாயார் தைத்த இரண்டாம் பாகம், மட்டரகப் பத்திரிகைத் தாள். ஆர்ட் பேப்பரின் வழுவழுப்பு என்பது மேலே பூசிய ஒருவகைச் சுண்ணப்பூச்சு. நனைந்து காய்ந்தால் பக்கத்தோடு பக்கம் ஒட்டிக்கொள்ளும். அந்தத் தொகுதி செங்கல்லாகிவிட்டது. இன்று கதவுக்கு முட்டுக்கொடுக்க உதவுகிறது. தாயாரின் புத்தகத்தையோ பக்கம் பக்கமாகப் பிரித்துக் கொடியில் துணிபோல் உலர்த்தினோம். தாள் பழுப்பேறியது, ஓரங்கள் நொறுங்குகின்றன. மரக்கூழில் செய்த அந்த மட்டரகக் காகிதம் எப்படியும் ஒருநாள் பொடியாகத்தான் போகும். ஆனால் வந்தியத்தேவன் இன்னும் குதிரைமேல் இருக்கிறான்.

இளைஞரின் புத்தகத்தையும் தாயார் தைத்தவற்றையும் அந்த மேசைமேல் வைத்திருக்கிறோம். வெளிவாசலில் வாளியும் சோப்பும் இருக்கின்றன; கைகழுவி, நன்றாகத் துடைத்துக்கொண்டு வந்து பாருங்கள். ஜப்பானியப் புத்தகத்தைப் பின்னாலிருந்து தொடங்குங்கள். தாயாருடையதில் மூன்றாம் பாகத்தின் நடுவே இரண்டு வெள்ளைத் தாள்களைக் காண்பீர்கள். ஒரு வாரத்து இதழை வாங்கிக்கொண்டு போன அண்டை வீட்டார் திருப்பித் தரவில்லை. என்றைக்காவது கிடைக்கும் என்று தாயார் அந்த இடத்துக்கு இரண்டு வெள்ளைத் தாளைச் சேர்த்துத் தைத்துவிட்டார். கதை எல்லாப் பதிப்பிலும் இருக்கிறது. அந்த வாரத்துப் படத்தைத்தான் அவர் கடைசிவரை பார்க்கவில்லை. உங்களில் யார் வீட்டுப் பரணிலாவது பழைய கல்கித் தொகுப்பு இருந்தால், அமைப்பாளரிடம் ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்கள். நான் அங்கேயே வந்து பார்த்துக்கொள்கிறேன். புத்தகத்தை இரவல் கேட்கமாட்டேன்.